ஒரே கையால் செய்தது போல: வடிவமைப்பில் சீர்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்க வடிவமைப்பு கற்றுக்கொள்கிறவர்களின் வேலைகளைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். "தனித்தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, சேர்த்துப் பார்த்தால் ஏதோ ஒட்டவில்லை" என்றுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். அந்த "ஏதோ" எதுவென்று தேடிப் போனால், மூன்றாம் பக்கத்தில் எடுத்த ஒரு முடிவை ஏழாம் பக்கத்தில் மறந்திருப்பார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

திரும்ப வருவது, சீர்மை, ஒருமைப்பாடு என்று மூன்று சொற்கள் சொல்கிறீர்கள். மூன்றும் ஒன்றுதானே?

நெருங்கிய உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. ஒரு வடிவமோ நிறமோ கோடோ மறுபடி மறுபடி வருவது திரும்ப வருதல்; அதை எண்ணிப் பார்க்கலாம். ஒரே வேலையைச் செய்யும் உறுப்பு எங்கே வந்தாலும் ஒரே தோற்றத்தில் வருவது சீர்மை. அது ஒரு விதி. இவ்விரண்டும் சேர்ந்து, "இது முழுவதும் ஒரே கை செய்தது" என்று வாசகருக்குள் எழுப்பும் உணர்வு ஒருமைப்பாடு.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு எதுகையைக் கொண்டு விளக்குவேன். அடிதோறும் சொற்கள் வேறு, பொருள் வேறு. ஆனால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதால் அடிகள் ஒரு செய்யுளாகக் கட்டுண்டு நிற்கின்றன. எழுத்து திரும்ப வந்தால் மட்டும் போதாது, அதே இடத்தில் வர வேண்டும். பக்கத்திலும் அப்படியே.

ஒரே மாதிரி இருப்பவற்றைக் கண் ஏன் சேர்த்துப் பார்க்கிறது? இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

ஆராய்ந்திருக்கிறார்கள். தனித்தனி உறுப்புகளை மனம் எப்படி ஒரு முழுமையாகக் காண்கிறது என்று ஆராயும் கெஸ்டால்ட் உளவியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான மாக்ஸ் வெர்த்ஹைமர் 1923-இல் வெளியிட்ட கட்டுரையில், வெறும் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்தே இதைக் காட்டினார். ஒரே இடைவெளியில் வரிசையாக வைத்த புள்ளிகளில் சிலவற்றை நிரப்பி, சிலவற்றை வெற்று வட்டமாக விட்டால், நிரப்பியவை ஓர் அணியாகவும் வெற்று வட்டங்கள் இன்னோர் அணியாகவும் தெரியும். நாம் முயற்சி எடுத்துப் பிரிப்பதில்லை. கண் பார்த்தவுடன் பிரிந்துவிடுகிறது. இதுதான் ஒப்புமை விதி.

அதே கட்டுரையில் அண்மை விதியும் வருகிறது: அருகருகே இருப்பவை ஒன்றாகத் தெரியும். வேலையில் இறங்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். படக்குறிப்புக்குச் சரியான எழுத்துருவும் அளவும் கொடுத்துவிட்டு அதைப் படத்தைவிட அடுத்த பத்திக்கு நெருக்கமாக வைத்தால், தோற்றத்தால் அது படக்குறிப்பு, இடத்தால் பத்தியின் முதல் வரி. வாசகர் ஒரு கணம் தடுமாறுவார்.

எங்கிருந்து தொடங்குவது? எவற்றைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்?

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில், இந்தப் படைப்பில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று எழுதுங்கள். முதன்மைத் தலைப்பு, துணைத்தலைப்பு, உடல் எழுத்து (பத்திகளில் ஓடும் எழுத்து), படக்குறிப்பு, மேற்கோள், அட்டவணை, பக்க எண், எச்சரிக்கைக் குறிப்பு. "பெரிய தடித்த எழுத்து", "நீலப் பெட்டி" என்று தோற்றத்தை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். பெரும்பாலான புத்தகங்களுக்கும் இணையதளங்களுக்கும் இந்தப் பட்டியல் பத்து வரியைத் தாண்டாது. பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தோற்றம், ஒன்றே ஒன்று. ஒரே வேலைக்கு இரண்டு தோற்றம் கூடாது. ஒரே தோற்றத்துக்கு இரண்டு வேலையும் கூடாது. இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அளவுகளைக் கண்ணால் தோராயமாகப் போடாமல் ஒரு விகிதத்தில் அமைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உடல் எழுத்து 16 பிக்சல் என்றால், 1.25 ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 20, 25, ஏறக்குறைய 31 என்று கிடைக்கும். இந்த நான்கைத் தவிர வேறு அளவு வேண்டாம் என்று முடிவு செய்துவிடுங்கள். 16, 17, 18 என்று அடுத்தடுத்த அளவுகள் ஒரே பக்கத்தில் இருந்தால், அவை வேறு என்றும் தெரியாது, ஒன்று என்றும் தெரியாது. தவறு நடந்தது போலவே இருக்கும்.

கடைசியாக, முடிவு செய்தவற்றை மென்பொருளில் ஸ்டைலாக, அதாவது பெயரிட்டுச் சேமித்த தோற்றமாக, பதிந்துவையுங்கள். பக்க எண், ஓரக் கோடு போன்றவை, எல்லாப் பக்கத்துக்கும் அச்சாக இருக்கும் மாஸ்டர் பக்கத்தில் ஒருமுறைதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு தலைப்பையும் கையால் தேர்ந்தெடுத்து அளவு மாற்றுகிறவர், எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், இருபதாவது தலைப்பில் பிசகுவார். நினைவாற்றலை நம்பிச் சீர்மையைக் காப்பாற்ற முடியாது.

அதிகபட்சம் எத்தனை எழுத்துரு, எத்தனை நிறம் போடலாம்?

ஒரு எழுத்துருக் குடும்பம், அதில் இரண்டு தடிமன். இது பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். இரண்டாவது எழுத்துரு வேண்டுமென்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் வடிவமைத்து 1957-இல் வெளிவந்த யூனிவெர் எழுத்துரு, ஒல்லியிலிருந்து தடித்தது வரை, குறுகியதிலிருந்து அகன்றது வரை 21 வகைகளைக் கொண்ட ஒரே குடும்பமாகத் திட்டமிடப்பட்டது. வேண்டிய வேறுபாடு ஒரே குடும்பத்துக்குள்ளேயே கிடைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

நிறத்திலும் இதே கணக்கு: ஒரு முதன்மை நிறம், கவனத்தை ஈர்க்க ஒரு நிறம், மீதிக்குச் சாம்பல் நிறத்தின் சில சாயல்கள்.

ஒரே நிற எண்ணைத்தான் எல்லா இடத்திலும் கொடுத்தேன். ஆனாலும் வேறு வேறாகத் தெரிகிறதே?

உங்கள் கண்ணில் குறையில்லை. பாரிஸில் கோப்ளான் கம்பள ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷெல் யூஜென் ஷெவ்ரலிடம் இதே குறைதான் வந்தது: கறுப்புச் சாயம் சரியில்லை, நூல் மங்கலாகத் தெரிகிறது என்றார்கள். அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றியிருந்தது. 1839-இல் அவர் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அதே சாம்பல் வெள்ளைப் பின்னணியில் அடர்த்தியாகவும் கறுப்புப் பின்னணியில் வெளிறியும் தெரியும்.

பரப்பளவும் தோற்றத்தை மாற்றும். முழு அட்டையை நிரப்பும்போது ஆழ்ந்து தெரியும் பச்சை, மெல்லிய எழுத்தில் வந்தால் ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். திரையில் ஒளியாக வரும் நிறமும் தாளில் மையாக வரும் நிறமும் ஒன்றாகவே இருக்க முடியாது. பளபளப்பான தாளுக்கும் சொரசொரப்பான தாளுக்குமே வேறுபாடு உண்டு. ஆகவே எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். வெளிர்ப் பின்னணிக்கு ஒன்று, அடர் பின்னணிக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என மூன்று மதிப்புகளை எழுதிவைத்துவிட்டால் அதுவே விதியாகிவிடும். திரையில் சிறிய எழுத்துக்கு அந்த நிறத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால், பின்னணியோடு குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு இருக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள்; இணைய அணுகல் நெறிமுறைகள் கேட்கும் அளவு அது.

எழுத்துரு ஒன்று, நிறம் ஒன்று. ஆனாலும் பக்கங்கள் ஒட்டவில்லை. என்னதான் குறை?

பத்துக்கு எட்டு முறை, இடைவெளி. எழுத்தும் நிறமும் இருப்பவை என்பதால் எல்லோரும் கவனிக்கிறார்கள். வெற்றிடம் இல்லாதது போலத் தோன்றுவதால் அதை யாரும் அளப்பதில்லை.

ஒருமுறை ஒரு மாணவி 24 பக்கச் சிறு நூல் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வந்தார். எழுத்துரு, நிறம், படங்கள் எதிலும் குறை சொல்ல முடியவில்லை. ஆறாம் பக்கத் தாளையும் எட்டாம் பக்கத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். ஒரே கோட்டில் விழ வேண்டிய இரண்டு தலைப்புகளும் மூன்று மில்லிமீட்டர் விலகி நின்றன. பக்க எண்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல், ஓர் எண்ணுக்கு நிழல் விழுந்தது போலத் தெரிந்தன. துணைத்தலைப்புக்குக் கீழே ஒரு தாளில் ஒரு வரி இடம், இன்னொன்றில் ஒன்றரை வரி. அவர் ஒன்றும் பேசாமல் தாள்களை வாங்கி, பன்னிரண்டு தாள்களையும் இரண்டிரண்டாக அதே ஜன்னலில் வைத்துப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டும் வாசகர் இந்த மூன்று மில்லிமீட்டரை அளக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு சற்றே குதிப்பதை அவர் கண் உணரும்.

இதற்கு வழி, ஓர் அலகைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது. திரைக்கு 8 பிக்சல் வசதியானது. அச்சுக்கு உடல் எழுத்தின் வரி உயரம். எல்லா இடைவெளியும் அந்த அலகின் மடங்காகவே இருக்கட்டும்: 8, 16, 24, 32, 48. தலைப்புக்கு மேலே விடும் இடம் கீழே விடும் இடத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். காரணம், முன்பு சொன்ன அண்மை விதி.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சலிப்பு தட்டாதா?

இந்தக் கேள்வியை அதிகமாகக் கேட்கிறவர்கள் வடிவமைப்பவர்களே. நாற்பது பக்கத்தையும் நாற்பது முறை பார்த்துவிட்டதால் அவர்களுக்குச் சலித்துவிடுகிறது. வாசகர் ஒருமுறைதான் பார்க்கிறார், அதுவும் உள்ளடக்கத்துக்காகப் பார்க்கிறார். உங்கள் சலிப்பை அவர் சலிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் ஐயத்தில் உண்மை இருக்கிறது. எது மாறாது, எது மாறும் என்று பிரித்துவிட்டால் அது தீரும். 1935-இல் லண்டனில் தொடங்கிய பெங்குயின் மலிவுப் பதிப்புகளின் அட்டையில் மூன்று கிடைப்பட்டைகள். மேலும் கீழும் நிறம், நடுவில் வெள்ளை, அதில் நூல் பெயர். இந்த அமைப்பு மாறாது. புனைகதைக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு அடர் நீலம் என்று நிறம் மட்டும் மாறும். அலமாரியில் தொலைவிலிருந்து பார்த்தாலே பதிப்பகமும் தெரிந்தது, வகையும் தெரிந்தது. அமைப்பு அசையாமல் நின்றதால்தான் நிறத்துக்கு அந்த மொழி கிடைத்தது. அமைப்பும் அட்டைக்கு அட்டை மாறியிருந்தால் பச்சை வெறும் பச்சையாக இருந்திருக்கும்.

அப்படியானால் விதியை எப்போது மீறலாம்?

ஒரு பொருளை வாசகர் தவறவிடவே கூடாது என்னும்போது. ஒரே மாதிரியான பட்டியலில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது நினைவில் நன்றாக நிற்கிறது என்பதை உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933-இல் ஆய்ந்து எழுதினார். அவர் பெயராலேயே அந்த விளைவு இன்றும் அறியப்படுகிறது. ஆனால் தனித்து நிற்க, சுற்றிலும் ஒரு கூட்டம் ஒழுங்காக நிற்க வேண்டும். பக்கத்தில் ஐந்து பொருள்களைத் தனித்துக் காட்டினால் ஒன்றும் தனித்து நிற்காது.

மீறுவதாக இருந்தால் துணிந்து மீறுங்கள். கால் அங்குலம் சாய்ந்த படம் பிழை. முப்பது பாகை சாய்ந்த படம் முடிவு.

ஐகான்களை நான்கைந்து இடங்களிலிருந்து எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியும் கலவையாகவே இருக்கிறது.

நிறம் மேற்பூச்சு, எலும்பு வேறாக இருக்கிறது. கோட்டுத் தடிமன், மூலை வளைவா கூர்மையா, நிரப்பியதா வெறும் கோடா, எவ்வளவு விவரம், நேர்முகமா பக்கவாட்டா: இந்த ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்காக ஓட்ல் ஐஷரின் குழு வரைந்த விளையாட்டுச் சின்னங்களைப் பாருங்கள். ஒரு சதுரக் கட்டம். அதில் கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, 45 பாகைச் சாய்வுக் கோடு மட்டுமே. தலைக்கு ஒரு வட்டம், கைகாலுக்கு ஒரே தடிமன். நீச்சலும் குத்துச்சண்டையும் ஒரே உடலின் வெவ்வேறு நிலைகளாகத் தெரிகின்றன.

நீங்கள் வரையத் தேவையில்லை. ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள். அதில் இல்லாத ஒன்று வேண்டுமானால், அந்த இடத்தில் ஐகானை விட்டுவிட்டுச் சொல்லை எழுதுங்கள்.

படங்களைப் பலர் பல கேமராவில் எடுத்திருக்கிறார்கள். அவற்றை எப்படி ஒன்றாக்குவது?

படத்துக்குள் இருப்பதை மாற்ற முடியாது, சட்டத்தை மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நீள அகல விகிதத்தில் வெட்டுங்கள். ஆள் முகங்கள் என்றால் கண்கள் ஒரே உயரத்தில் விழும்படியும் தலையின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படியும் வெட்டுங்கள். இந்த ஒன்றே வியக்கத்தக்க மாற்றத்தைத் தரும். நிறங்கள் மிகவும் சண்டையிட்டால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம்.

ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால் போதுமா?

போதாது. அளவு எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு எழுத்துகளும் பார்வைக்கு ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. நிறத்துக்குச் சொன்ன பதில்தான் இங்கும்: கண்ணுக்கு ஒத்துப்போகும்வரை ஒன்றைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ, அந்த விகிதத்தைக் குறித்துவைத்து எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள். உயரத்தைவிடக் கோட்டுத் தடிமனைப் பொருத்துவது முக்கியம். பக்கத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிய வேண்டும்.

வரி இடைவெளியைத் தமிழுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். "கீ"யின் சுழி மேலேயும் "கூ"வின் வளைவு கீழேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு அளந்த இடம் தமிழுக்கு நெருக்கடியாகிவிடும். அழுத்தம் காட்ட ஆங்கிலத்தில் சாய்வெழுத்து, தமிழில் தடித்த எழுத்து என்று இரட்டை முறை வைக்காதீர்கள். தமிழ் எழுத்தைச் செயற்கையாகச் சாய்த்தால் வளைவுகள் உருக்குலைந்துபோகும். அதைப் பார்க்கவே எனக்கு வலிக்கும். இரண்டுக்கும் தடித்த எழுத்தே போதும்.

கைப்பேசித் திரைக்கும் பெரிய சுவரொட்டிக்கும் ஒரே வடிவமைப்பு எப்படிப் பொருந்தும்?

அளவைக் கொண்டுபோகாதீர்கள், உறவைக் கொண்டுபோங்கள். வடிவமைப்பாளர்கள் ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் உருவாக்கி 1965-இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டன் சாலைப் பலகைகளில், எழுத்தின் கோட்டுத் தடிமனே அளவுகோல். சிற்றெழுத்தின் உயரம் நான்கு கோட்டுத் தடிமன். ஓரம், வரி இடைவெளி எல்லாம் அதே அலகில். எழுத்தைப் பெரிதாக்கினால் பலகை முழுவதும் தானாகவே சேர்ந்து வளரும். நடைபாதை அருகே உள்ள சிறு பலகையும் நெடுஞ்சாலையின் பெரும் பலகையும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

சீர்மையே கேடாக முடியுமா?

முடியும். ஒரே தோற்றம் என்றால் ஒரே வேலை என்று வாசகர் நம்புகிறார். மூன்றாம் கேள்வியில் சொன்ன இரண்டாவது விதி அதனால்தான். "சேமி" பொத்தானும் "நிரந்தரமாக அழி" பொத்தானும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பார்க்க அழகாக இருக்கும்; ஒருநாள் ஒருவரின் உழைப்பு அழிந்துபோகும். விளைவு வேறென்றால் தோற்றமும் வேறாக இருக்க வேண்டும்.

ஐந்து பேர் சேர்ந்து செய்கிறோம். ஒவ்வொருவர் பக்கமும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

எழுதிவையுங்கள். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் பல காலத்துப் பலகைகள் பல எழுத்துகளில் கலந்துகிடந்தன. வடிவமைப்பாளர்கள் மஸ்ஸிமோ வின்யெல்லியும் பாப் நோர்டாவும் 1970-இல் கொடுத்தது ஒரு விதிக் கையேடு: எந்த எழுத்து, எந்த அளவு, அம்புக்குறி எந்தப் பக்கம், பலகைகளை எப்படி அடுக்குவது என்று யார் எடுத்தாலும் ஒரே விடை வரும்படி.

உங்களுக்கு அவ்வளவு பெரிய நூல் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். ஒவ்வொரு விதிக்கும் சரியான உதாரணம் ஒன்று, தவறானது ஒன்று, காரணம் ஒரு வரி. காரணம் எழுதாத விதியை ஆறு மாதத்தில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு மாற்றிவிடுவார்.

முன்பு செய்தவர் வைத்த விதியே தவறு. சீர்மைக்காக அந்தத் தவறையும் தொடர வேண்டுமா?

வாசகருக்கு இடைஞ்சல் என்றால் தொடரக் கூடாது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தொடருங்கள். மாற்றுவதாக இருந்தால் உங்கள் பக்கத்தில் மட்டும் மாற்றாதீர்கள், மூல ஸ்டைலில் மாற்றுங்கள். பழையதையும் சேர்த்து மாற்ற முடியாத நிலையில், அடுத்த இதழ், அடுத்த பதிப்பு என்று ஓர் எல்லைக்கோடு போட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

மேலே சொன்ன நியூயார்க் பலகைகளில் முதலில் வெள்ளையில் கறுப்பு எழுத்து, பிறகு கறுப்பில் வெள்ளை எழுத்து. இன்று எல்லோரும் அதோடு சேர்த்துச் சொல்லும் ஹெல்வெடிகா எழுத்துரு முறையாக ஏற்கப்பட்டது 1989-இல்தான். நிறமும் எழுத்தும் மாறின. தடத்தைச் சொல்லும் வண்ண வட்டம் நின்றது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதவரை, நிற்பவை மாறுபவற்றைத் தாங்கிக்கொள்ளும்.

நாற்பது பக்கம் முடிந்துவிட்டது, இப்போதுதான் குழப்பம் தெரிகிறது. கையில் இரண்டு நாள்தான் இருக்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

எல்லாப் பக்கத்தையும் சிறியதாக அச்செடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருப்பது நல்லது. நின்றுகொண்டு பாருங்கள், எந்தப் பக்கம் துருத்துகிறது என்று உடனே தெரியும். அவற்றில் பேனாவால் குறி வையுங்கள்.

முதல் நாள் ஓரங்களும் தலைப்பின் இடமும் பக்க எண்ணும். இவை எல்லாப் பக்கத்திலும் வருவதால் குறைந்த உழைப்பில் அதிகம் மாறும். அதற்குப் பிறகு தலைப்பு அளவுகளை மூன்றாகக் குறையுங்கள். இரண்டாம் நாள் இடைவெளிகள், பிறகு படங்களின் வெட்டு. நிறத்தைக் கடைசியில் தொடுங்கள். நேரம் இல்லையென்றால் ஒரு நிறத்தை முழுவதுமாக நீக்கிவிடுங்கள், அதற்குப் பத்து நிமிடம் போதும். ஐகான்கள் ஒத்துவரவில்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மாலையில் மறுபடி அச்செடுத்து, இரண்டிரண்டு தாளாக ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.